கயிற்றின் கடைசி ஆள்

அன்செல்மோவின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் மேசைமேல் விழுந்தது. மதியக் காற்று, பாலைவனப் புழுதி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டான்.

எதிரில், ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய மோச்சே காலத்து ஜாடி. கல்லறைத் திருடர்கள் கொண்டுவரும் உடைந்த ஜாடிகளில், விடுபட்ட சித்திரத்தை வரைந்து முழுசாக்கி விற்பது அவன் பிழைப்பு. அந்தக் காலத்துப் போருக்கு ஒரு வரிசை உண்டு. எதிரியைக் களத்தில் கொல்வதில்லை, பிடிப்பார்கள். முதலில் குண்டாந்தடியால் மூக்கில் அடி. பிறகு முன்மயிரைப் பற்றுவது. பிறகு உடையை உரித்து, வென்றவனின் தடியில் தொங்கவிடுவது. கடைசியில் கழுத்துக்குக் கயிறு.

இந்த ஜாடியைச் சுற்றி அம்மணக் கைதிகள் ஒரே கயிற்றில் நடந்தார்கள். கயிற்றின் நுனி, சில்லு பெயர்ந்த வெற்றிடத்தில் போய் முடிந்தது. தடியில் தொங்கிய உடையும் அழிந்திருந்தது. காலையில் அங்கே, தான் போட்டிருந்த கட்டம்போட்ட சட்டையையே விளையாட்டாக வரைந்துவிட்டான்.

மனைவி தொமித்திலா எட்டிப் பார்த்தாள். "யோவ், அது தோத்தவன் துணிய மாட்டுற இடம். உன் சட்டைய மாட்டி வச்சிருக்க! சுரண்டிடு. கொஞ்சம் சோளக்கள்ள ஊத்தி மன்னிப்புக் கேளு."

"இவனுங்ககிட்டயா? ஆட்டு மந்தை மாதிரி அம்மணமா போறானுங்க பாரு. ஒருத்தனாச்சும் திமிறினானா? த்தூ!" ஜாடியின்மேலேயே துப்பினான்.

"உன் வாய்க்கு ஒருநாள் இருக்கு." அவள் சந்தைக்குப் போய்விட்டாள்.

கதவுச் சத்தம் அடங்கியதும், மணலில் பல கால்கள் சேர்ந்து நடப்பதுபோன்ற மெல்லிய சரசரப்பு, ஈரக் களிமண்ணும் பழைய வேர்வையும் கலந்த வாடையோடு, ஜாடியின் குறுகிய வாய்க்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. குனிந்து காதை வைத்தான். முன்மயிர் சுரீரென்று இழுபட்டது.

அறையில் யாருமில்லை.

மூக்கு. மயிர். அடுத்தது?

கத்தியை எடுத்துச் சட்டைக் கட்டங்களைச் சுரண்டினான். காலையில் பூசிய சாயம், சுட்ட மண்ணோடு மண்ணாக இறுகிப்போயிருந்தது. கத்திமுனை முறிந்தது.

முதுகில் காற்று பட்டது. குனிந்து பார்த்தான். உடம்பில் சட்டை இல்லை. எதுவுமே இல்லை.

கத்த வாயைத் திறந்தான். கழுத்து இறுகியது. ஜாடியில் கயிறாக ஓடிய சிவப்புக் கோடு வெற்றிடத்தைத் தாண்டி, மேசையில் இறங்கி, அவன் கழுத்துவரை வந்திருந்தது.

திமிறு, என்றது மனசு. திமிறுடா.

முன்னால் ஓர் அம்மண முதுகு. அதற்கு முன்னால் இன்னொன்று. எல்லோரும் இடது காலை எடுத்து வைத்தார்கள்.

அவனுடைய இடது காலும் எழுந்தது.