குழாயின் மூச்சு

துஷாந்த் இன்னும் ஊதவே இல்லை. அதற்குள் போன் திரையில் கோடு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

கந்தப்பளைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த நிலையம். காற்றில் காபனீரொட்சைட்டு என்ற கரியமில வாயு எவ்வளவு கூடுகிறது என்று ஓயாமல் அளக்கும் கருவி உள்ளே; அந்த அளவு ஒரு கோடாக அங்கே வேலை செய்கிறவர்களின் போனிலும் ஓடும். கூரையோரம் அதற்குக் காற்றை இழுத்துக் கொடுக்கும் எஃகுக் குழாய். குழாய்ப் பக்கம் போகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வது அங்கே வழக்கம். ஓர் ஆளின் மூச்சுப் பட்டாலே அளவு கெட்டுவிடும். தனக்குப் பிறகு வேலைக்கு வந்த சுதர்ஷினிக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே துஷாந்த்தான். இப்போது ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போகப்போவது அவள்.

“அந்தப் பிள்ளையின் அளவுகள் எவ்வளவு சுத்தம்!” என்று மேலதிகாரி மெச்சியது காலையிலிருந்து அவன் காதை விட்டுப் போகவில்லை. இந்த வாரப் பொறுப்பும் அவளுடையது. அளவு கெட்டால் அவள் பெயர் அடிபடும். ஜப்பான் பட்டியலில் அடுத்த பெயர் அவனுடையது.

அந்திக்கு முன்பே பனிமூட்டம் மலையை விழுங்கியிருந்தது. ஈர யூகலிப்டஸ் நெடியும் கீழே ஃபேக்டரியில் வறுபடும் கொழுந்தின் வாசமும் கலந்து ஏற, எங்கோ தண்ணீர் சொட்ட, அதற்கெல்லாம் அடியில் பம்பு மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. ஏணியில் நின்றபடி சுற்றிப் பார்த்தான். யாருமில்லை. கோடு தானாக ஏறியது ஏதோ காற்றால் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். குழாயில் வாய் வைத்து ஊதினான். நெஞ்சு காலியாகும்வரை.

போன் அடித்தது. கீழே தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து சுதர்ஷினி.

“அண்ணே, மேலயா இருக்கீங்க? என் போன்ல கோடு துள்ளுது. மூச்சப் புடின்னு எனக்குச் சொல்லிட்டு நீங்க விடுறீங்களாக்கும்?”

“நான் விடல தங்கச்சி. மெஷின்ல கோளாறு. உன் கைராசி அப்படி.”

“சரி, இப்ப கொஞ்சம் புடிங்க, பாப்போம்.”

பிடித்தான்.

“இன்னும் ஏறுதே அண்ணே.”

கன்னத்தில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. இழுக்க வேண்டிய குழாய். விட்டது. மத்தியானம் அவன் தின்ற மாசிச் சம்பலின் வாடையோடு.

போதும். வாயைத் திறந்தான். காற்று உள்ளே வரவில்லை. மறுபடி இழுத்தான். நெஞ்சு அசையவில்லை. கத்தப் பார்த்தான். சத்தமில்லை.

“இப்பத்தான் சரி,” என்று சிரித்தாள் அவள். “நிதானமா மூச்சு விடுறீங்க. கோட்டுலயே தெரியுது.”

அவன் முகத்துக்கு நேரே, குழாயின் வாயிலிருந்து வெள்ளை ஆவி வந்தது. நின்றது. மறுபடி வந்தது, அயர்ந்து தூங்குகிறவனுடையதைப் போல.