முன்மூக்கில் ஒரு முடிச்சு

விடிந்தும் விடியாததுமாகக் கதவு தடதடத்தது. லஸ்ஹர் எழுந்து வருவதற்குள் ஷெத்லியின் குரல் உள்ளே நுழைந்துவிட்டது.

"உன் படகு மறுபடியும் குளிக்கப் போயிருக்கு, மாப்ள."

ஒரே வாரத்தில் அது மூழ்குவது மூன்றாவது முறை. நாளை மறுநாள் எட்டுக்கைப் பேய்க்கணவாய் பிடிக்கும் பருவம் தொடங்குகிறது. கெர்க்கென்னா தீவில் அதைத் தவறவிட்டவனுக்கு அந்த வருஷமே போன மாதிரி. லஸ்ஹரை நம்பி இரண்டு குடும்பம்: அவனுடையதும், போன குளிர்காலத்தில் கடலோடு போன தம்பி முக்தாருடையதும்.

கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றினார்கள். படகுத் தச்சனான ஷெத்லி பலகை பலகையாகத் தட்டிப் பார்த்தான். விரிசல் இல்லை. இடுக்குகளில் அடைத்த பஞ்சும் கீலும் கெட்டியாக இருந்தன. அடித்துளை மட்டும் 'ஆ'வென்று திறந்து கிடந்தது.

அதன் தக்கை, போன இரண்டு முறையும் போலவே, படகின் முன்மூக்கில் துணி சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

படகைக் கரையேற்றியதும் அங்கே எல்லோரும் செய்கிற முதல் வேலை அது. தக்கையைப் பிடுங்கி உள்நீரை வடிப்பார்கள். மறுபடி இறக்கும்போது மறக்காமலிருக்கக் கண்ணில் படும்படி முன்மூக்கில் கட்டுவார்கள். மிதக்கிற படகில் அதைச் செய்பவன் பைத்தியக்காரன்.

"நீயே கழட்டிட்டு மறந்துட்டியோ? ஊர்ல அப்படித்தான் பேசிக்கிறாங்க."

லஸ்ஹர் பல்லைக் கடித்தான். அவனைக் குடைந்தது அந்த முடிச்சு. இரட்டைச் சுருக்கு, நுனி உள்ளே செருகியது. முக்தார் போடுகிற முடிச்சு. எவனோ வேண்டுமென்றே விளையாடுகிறான்.

தக்கையை அறைந்து இறுக்கி, மேலே ஒரு பலகை வைத்து ஆறு ஆணி அடித்தான். படகைப் பழைய இடத்திலேயே, ஆழமில்லாத கடலுக்கு நடுவே ஓடும் ஆழ்கால்வாயின் ஓரத்தில் கட்டினான். எவன் வந்தாலும் கையும் களவுமாகப் பிடிப்பதென்று அதிலேயே உட்கார்ந்துகொண்டான்.

பிற்பகலில் மூடுபனி இறங்கியது. கரை, கம்பம், பக்கத்துப் படகு எல்லாம் ஒவ்வொன்றாக வெளுத்துக் கரைந்தன. முக்தார் போன அன்றைக்கும் இதே பனிதான். தீவைச் சுற்றிக் கடல் இடுப்பளவே இருக்கும். கரை நெருங்கினால் ஒருவன் குதித்துக் கயிற்றைத் தோளில் போட்டுப் படகை இழுத்து நடப்பான். துடுப்பிலிருந்த லஸ்ஹர்தான் கரை வந்துவிட்டதென்றான். முக்தார் மறுபேச்சில்லாமல் குதித்தான். அது கால்வாய். அடியில்லாத தண்ணீர்.

கால் வழுக்கி விழுந்துவிட்டானென்று லஸ்ஹர் ஊருக்குச் சொன்னான்.

கிறீச்.

ஈர மரத்திலிருந்து ஆணி கழலும் சத்தம். இன்னொன்று. இன்னொன்று. அழுகிய கடற்பாசி நாற்றம். ஆறு வரை எண்ணினான். திரும்பவில்லை.

கணுக்காலில் குளிர். பலகை மிதந்து வந்து முழங்காலில் இடித்தது.

முன்மூக்கில் ஒரு முதுகு குனிந்திருந்தது. தோளில், படகைக் கட்டியிருந்த கயிறு. ஊறி வெளுத்த விரல்கள் நிதானமாகச் சுருக்குப் போட்டன. நுனியை உள்ளே செருகின.

முகம் திரும்பியது.

"கரை வந்துருச்சுன்னு நீதானேண்ணே சொன்ன. இறங்கு."