கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

அக்கா வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கதவைத் திறந்ததுமே ஊசிப்போன எச்சில் வாடை. அக்கா சுவரைப் பிடித்தபடி வந்து, நாக்குக் குழற, "வாடி" என்றாள். நைட்டியில் வாந்தி காய்ந்திருந்தது.

அவளுடைய மாமியார் வலிப்பு நோயாளி. வலிப்பை அடக்கும் அந்த மாத்திரை ஆளையும் அடித்துப்போடும். அந்த மயக்கத்துக்குத்தான் அக்கா அடிமையாகிப் போனாள். அத்தான் தினமும் கூடவே நின்று தன் அம்மாவை மாத்திரை விழுங்க வைப்பார். அதனால் அக்கா கிழவிக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்தாள். கன்னத்தில் ஒதுக்கிக்கொள், அவர் போனதும் துப்பு. கசப்புக்குப் பயந்த கிழவி சந்தோஷமாகத் துப்பினாள். அந்த எச்சில் மாத்திரையை அக்கா ஜன்னலில் காயவைத்து விழுங்கினாள்.

இதைப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். கேட்ட நானும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். என் மேல் நானே காறித் துப்ப வேண்டும்.

போன மாதம் கிழவி வலிப்பில் செத்தாள். அதற்குப் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. அக்கா மாத்திரையைத் திடீரென்று விட்டால் அவளுக்கே வலிப்பு வந்து உயிர் போகும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். வேளை தவறாமல் கொடுப்பது என் பொறுப்பு.

கொடுத்தேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

சற்று நேரத்தில் மாமியார் அறையைக் கூட்டப் போனேன். தலையணையில் அந்த மாத்திரை. பாதி கரைந்து, எச்சில் நூலோடு, சூடாக.

"துப்பிட்டியா?"

"அதுக்காகச் சாகுறவடி நான். துப்புவேனா?"

அதுவும் நியாயம்தான்.

மறுநாள் இரண்டு வேளையும் அப்படியே. அக்காவின் கை நடுங்கத் தொடங்கியது. டாக்டருக்குப் போன் செய்தேன், உடனே கூட்டி வரச் சொன்னார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, கடைசியாக ஒரு மாத்திரையைக் கொடுத்து, அவள் தாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மூடிய வாய்க்குள் சப்பும் சத்தம் கேட்டது.

பல்லில்லாத வாய் சப்பும் சத்தம்.

கையை எடுத்தேன். அக்கா கிசுகிசுத்தாள்: "அத்தை விரல விட்டுத் தோண்டுறாங்கடி."

உடனே உடம்பு வெட்டி இழுத்தது. நுரை தள்ளியது. மாத்திரை தொண்டையில் அடைத்ததோ என்று பதறி, அவள் வாய்க்குள் என் விரலை விட்டேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது.

சில்லென்று, தோல் சுருங்கி, கன்னத்துக்குள் துழாவிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அக்கா போய்விட்டாள். அத்தானிடம் அன்றுதான் வாயைத் திறந்தேன், எனக்கும் முன்பே தெரியும் என்று. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நேற்று எனக்குக் காய்ச்சல். என் வீட்டில், பட்டப்பகலில், ஒரு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். அது தொண்டையில் இறங்கியதை நன்றாக உணர்ந்தேன்.

பிறகு, மூடியிருந்த என் உதட்டை உள்ளிருந்து ஒரு நகம் நெம்பியது.