ஒரு சாண் மேலே

காலை ஆறரைக்குத் தராசைத் துடைத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு வெடிமருந்து அளக்க உட்கார்ந்தார் சவரிமுத்து. வால்பாறை எல்லைக்காவல் நிலையத்துக்குத் தோட்டா கட்டித் தருவது அவர் வேலை. அறையில் கேட்ட ஒரே மூச்சு திரையிலிருந்து வந்தது. இழுத்து, பாதி விட்டு, நின்றது. ரோஸ்லினுடைய மூச்சு. அவர் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

பேய் பிசாசு ஒன்றுமில்லை, துறையின் ஏற்பாடுதான். துப்பாக்கியை இப்போது எந்திரத்தோள்தான் பிடிக்கிறது. ஆனால் நல்ல ஷூட்டர்களின் மூச்சும், நாடியும், விரல் அழுத்தும் விதமும் கைப்பதிவாகச் சேமிக்கப்பட்டு, அந்தத் தோளுக்குள் ஓடும். அந்தக் கைக்கும், அன்றைய குளிருக்கும் காற்றுக்கும் தூரத்துக்கும் ஏற்றபடி எவ்வளவு மருந்து என்று ‘எறிகணி’ மென்பொருள் சொல்லும். அது சொன்னதைச் சமைப்பவர் சவரிமுத்து. கல்யாணமான நாளிலிருந்தே அவள் சுடுவாள், இவர் சோறும் தோட்டாவும் ஆக்குவார். சோற்றை மட்டும்தான் குறை சொல்வாள்.

காட்டின் எல்லை தாண்டி வரும் விலங்குக்கு ஒரே தோட்டா என்பது சட்டம். குறி தவறினால் அந்த விலங்குக்கு ஆயுள் முழுக்க மன்னிப்பு. தவறவிட்ட கைக்கோ மன்னிப்பு கிடையாது. ஷூட்டர் உயிரோடிருந்தால் வேலை போகும், இறந்திருந்தால் கைப்பதிவை அழித்துவிடுவார்கள்.

ரேஞ்சர் நஸ்ரீன் உள்ளே எட்டிப்பார்த்தாள். “அண்ணா, ஏழாம் நம்பர் தேயிலைக்காட்டுல காட்டுமாடு இறங்கிருச்சு. கன்னும் கூட இருக்கு. முந்நூறு மீட்டர்.”

“இந்தக் குளிருக்கு அதுக்கும் டீ வேணும்ல.”

“அக்கா கையத்தான் போடுறேன்.”

எறிகணி வழக்கமான கேள்வியைக் கேட்டது: ‘சுடுபவர் பிழை: ஒரு சாண் மேலே. மருந்தைக் குறைத்துத் திருத்தவா?’ இதற்குப் பதினெட்டு முறை ‘ஆம்’ அழுத்தியிருக்கிறார். அதில் ஐந்து, ரோஸ்லின் உயிரோடிருந்தபோது. இன்று அதன் கீழே, புதிய பதிப்பின் புண்ணியத்தில், ‘பிழை எப்போது?’ என்று ஒரு வரி இருந்தது. சும்மா தொட்டுப் பார்த்தார்.

காகித இலக்கு: பிழையில்லை. தனிக் காளை: பிழையில்லை. கன்றுடன் பசு: பதினெட்டும்.

“நஸ்ரீன், இது என்னான்னு கொஞ்சம் பாரும்மா.”

அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள். “இது பிழை இல்லண்ணா. அக்கா வேணும்னே தூக்கியிருக்காங்க.”

சவரிமுத்து நாற்காலியில் சாய்ந்தார். கடைசி வருடம் ரோஸ்லின் சுடும்போது குழல் உயர்வதைத் துப்பாக்கியின் உணரி காட்டியது. முதல் தடவை குண்டு முதுகெலும்பில் பட்டு, மாடு எப்படியோ விழுந்துவிட்டது. அவள் தோளுக்கு வயதாகிவிட்டது, சொன்னால் வருத்தப்படுவாள், தவறினால் வேலை போய்விடும் என்று இவராக நினைத்துக்கொண்டு, சொல்லாமல் மருந்தைக் குறைத்தார். அடுத்த முறை அவள் இன்னும் உயர்த்தினாள். இவர் இன்னும் குறைத்தார். குண்டு நெஞ்சில் போய் நின்றது.

“என் கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குதுங்க,” என்றாள் ஒருநாள், தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே, உண்ணாமல்.

“நான் இருக்கேன்ல,” என்று சொன்னார் இவர். எவ்வளவு பெருமையாகச் சொன்னார்.

“அண்ணா, நேரமாச்சு,” என்றாள் நஸ்ரீன் மெதுவாக. “திருத்தலேன்னா தவறிரும். அக்காவ அழிச்சிருவாங்க.”

“தெரியும்மா.”

‘இல்லை’ என்பதை அழுத்தினார். முழு மருந்தையும் அளந்து கொட்டி, குண்டைப் பொருத்தி, தோட்டாவை நஸ்ரீன் கையில் வைத்தார். 

மலையில் ஒரு சத்தம் கேட்டது. பிறகு வாக்கிடாக்கியில் நஸ்ரீன்: “மேல போயிருச்சு. ரெண்டும் சோலைக்குள்ள ஓடிருச்சு.”

அரைமணி கழித்து அவள் கைப்பலகையோடு வந்து நின்றாள். திரையில் குறி தவறியதற்கான அறிக்கைப் படிவம் திறந்திருந்தது.

“காரணத்துல தோட்டா கட்டுனவர் தவறுன்னு போட்டுர்றேண்ணா. உங்களுக்கு ஒரு மெமோ வரும், அவ்வளவுதான். அக்கா தப்பிச்சுக்குவாங்க.”

“அப்புறம் நாளைக்கும் அவ சுடணுமே.”

நஸ்ரீனின் விரல் காரணக் கட்டத்தின் மேலேயே நின்றது.

“ஷூட்டர் தவறவிட்டார்னே போடும்மா. உயிரோட இருந்தப்ப அத்தன தடவ முயற்சி பண்ணி இன்னைக்குத்தான் ஜெயிச்சிருக்கா. அதயும் நான் என் பேர்ல எழுதிக்கணுமா?”

அவர் கட்டைவிரலை வைத்தார்.