வடகடலின் சாம்பல் நிறம்

வீட்டில் ஏர்கான் கிடையாது. அதனால்தான் தன் மூச்சு வெண்புகையாக வெளியே வருவதைக் கண்டதும் சீதாலெட்சுமி முதலில் அடுப்பைச் சந்தேகப்பட்டாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

பொழுது சாய்கிற நேரம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மழை விட்டு, கீழே வடை பொரியும் எண்ணெய் வாசனையும் பூக்கடை மல்லிகையும் மோனோரயில் உருளும் ஓசையும் வழக்கம்போல் அவள் மாடிவரை ஏறிவந்து, ஜன்னல் கம்பியைத் தாண்டியதும் எதன்மீதோ முட்டிக்கொண்டதுபோல் நின்றுபோயின. ஹாலுக்குள் வேறொரு வாசனை. ஈரக்கல், அழுகிய பாசி, அவற்றுக்கு அடியில் இன்னொன்று. நன்றாகத் தெரிந்த வாசனை, பெயர் மட்டும் வரவில்லை.

சுவரோரம் ஆறு படங்கள். தம்பி கமலநாதன் மத்தியானம் சாத்திவிட்டுப் போனவை. நாளை கண்காட்சி, கேலரி ஸ்டோரில் மழைத்தண்ணீர் ஏறுகிறதாம். அக்கா வீடு எதற்கு இருக்கிறது?

ஸ்காட்லாந்தின் வடகோடிக் கடற்கரையில் ஜனவரி முழுக்கத் தங்கி வரைந்துவிட்டு வந்தவன் அவன். சாதாரணக் கிள்ளான் ஊர்க்காரனாகப் போனவன், கழுத்தில் கம்பளித் துண்டோடு ஞானியாகத் திரும்பினான். கோலாலம்பூர் வெயிலிலும் அதைக் கழற்றுவதில்லை. மூக்கில் வியர்வை சொட்டச் சொட்டத் தே தாரிக் டீயை உறிஞ்சியபடி, ‘மௌனத்தின் நிறம்’ பற்றிப் பேசுவான்.

“ப்யூட்டி இல்ல லா அக்கா இது. அதுக்கும் மேல. உனக்குப் புரியாது.”

புரியாததைத்தான் பார்த்துவிடுவோமே என்று ஒரு படத்தின் பிளாஸ்டிக்கை உரித்தாள்.

அழகாக இருந்தது. அதுதான் எரிச்சல். கரும்பாறை, தாழத் தொங்கும் வானம், பாறையில் மோதி வெடித்து அப்படியே உறைந்துபோன அலை. அந்த அலையின் சாம்பல் வெண்மையை இந்த உதவாக்கரையா வரைந்தான் என்று அவளால் நம்ப முடியவில்லை. தொட்டுப் பார்த்தாள். எப்போதோ காய்ந்திருக்க வேண்டிய நீர்வண்ணம் ஈரமாக இருந்தது. விரலிடுக்கில் நறநறத்தது.

வாசனைக்குப் பெயர் வந்துவிட்டது. நெய், சூடம், எரிந்த எலும்பு. சுடுகாட்டில் அம்மாவின் அஸ்திப் பானையை வாங்கிய காலை.

போனில் அழைத்தாள். “டேய், பெயிண்ட்ல என்ன கலந்த?”

மறுமுனையில் மௌனம். அதன் நிறம் இப்போது அசடு.

“ஒரு புடிதான்க்கா. காப்பார்க் கடல்ல கரைக்கிறதுக்கு முந்தியே பானையிலேர்ந்து மைலோ டின்ல எடுத்து வெச்சேன். கொஞ்சம் அந்தக் கடல்ல கரைச்சேன், மிச்சம் பெயிண்ட்ல. காப்பார்ல என்ன இருக்கு, சேறும் பவர் ஸ்டேஷன் புகையும். அம்மாவுக்கு ஒரு கிராண்டான எடம் வேணாமா?”

“அப்பாவக் கரைச்ச எடத்துல விடுங்கன்னுதானடா கேட்டுச்சு! பஸ்ல ஏர்கான் போட்டாலே நடுங்குற பொம்பளைய, பனியில கொண்டுபோய்... கரைச்சிட்டுத் திரும்பிப் பார்க்காமயாவது வந்தியா?”

“எப்படிக்கா முடியும்? அந்த லைட்டு அப்படி. ஒரு மாசம் அங்கேயே ஒக்காந்து, பார்த்துப் பார்த்துத்தான் வரைஞ்சேன்.”

கரைத்தவன் திரும்பிப் பார்த்தால் போகிற உயிர் நின்றுவிடும் என்று காரியம் செய்த பண்டாரம் படித்துப் படித்துச் சொன்னார். இவன் ஒரு மாதம் கண்ணெடுக்காமல் பார்த்திருக்கிறான். நாளை ஊரே கூடிப் பார்க்கும். அப்புறம் எவனோ ஒரு பணக்காரன் வாங்கி வரவேற்பறையில் மாட்டி, தினமும் பார்ப்பான். அம்மா போகவே முடியாது.

கோபம் பயத்தை முந்தியது. ஆறு படங்களையும் குளியலறைக்கு இழுத்துப்போனாள். பெரிய வாளியில் தண்ணீர் பிடித்தாள். சாம்பலை இதில் கழுவி இறக்கி, இன்றைக்கே காப்பார் கடலில் விட்டுவிட வேண்டும். தேய்த்தாள். அலை கரைந்தது. பாறை கரைந்தது. கடைசிப் படமும் வெறும் தாளானது.

வாளிக்குள் ஏதோ மோதியது.

விலகியது. மறுபடியும் மோதியது. கரையில் அலை அடிக்கும் தாளத்தில். விளிம்பில் வெள்ளையாகப் பனி படர்ந்தது.

வாசல் கதவு திறந்தது. கமலநாதனிடமும் ஒரு சாவி உண்டு. கம்பளித் துண்டோடு வந்து நின்றான்.

“அக்கா! என் ஒழைப்பு எல்லாம்... பைத்தியமா ஒனக்கு?”

“கத்தாத. வாளியப் பார்க்காம ஒரு பக்கம் புடி. காப்பார் போறோம்.”

பார்த்தான். கோபம் அப்படியே வடிந்தது. போனை எடுத்துக் குனிந்தான்.

“அக்கா... இந்தக் கலர் டோனைப் பாரேன். அங்ககூட இது கெடைக்கல லா.”

“பார்க்காதடா!”

தோளைப் பிடித்து இழுத்தாள். கல். இன்னும் குனிந்தான். போன் நழுவித் தண்ணீருக்குள் போனது. சத்தம் வரவில்லை. அவன் வாயிலிருந்து வந்த புகை நின்றது. இமைகளில் பனி. கண்கள் மட்டும் அகலத் திறந்தபடி.

வாளியை எட்டி உதைத்தாள். நகரவில்லை. கடல் எப்படி நகரும்?

அப்போதுதான் அவளும் பார்த்தாள். சாம்பல் தண்ணீருக்குக் கீழே. வெகு ஆழத்தில். அம்மாவின் முகம். நீலம் பாரித்த உதடுகள். பற்கள் கிடுகிடுக்கும் ஓசை.

ஆஸ்பத்திரியில் அந்த இமைகளைத் தன் விரலால் மூடியவள் சீதாலெட்சுமி. இப்போது அவை திறந்திருந்தன. மூடப் பார்த்தன. துடித்தன.

மகன் பார்த்துக்கொண்டே இருந்தான். அம்மாவால் கண்ணை மூட முடியவில்லை.