நாலு மணி ஹாரன்

ஏலக்காய்க் கிடங்காக இருந்த பழைய கட்டடத்தின் மாடியில்தான் கலையரசி மனநல ஆலோசனை அறை நடத்தினாள். சனிக்கிழமைகளில் மலைத் தோட்டத்து ஆட்கள் ஜீப்பில் போடிக்கு இறங்கி வருவார்கள். நாலு மணிக்குக் கீழே ஹாரன் அடித்தால் பேச்சு முடிந்தது. மூடுபனி இறங்குவதற்குள் வளைவுகளைத் தாண்டியாக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே ஜீப் ஓட்டும் தங்கபாண்டி போன் பண்ணிவிட்டான். "ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. இன்னிக்கு ஜீப்பு எறங்காதுக்கா."

யாரும் வரப்போவதில்லை. வீட்டிலேயே இருந்திருக்கலாம். குற்றமுள்ள நெஞ்சு எங்கே சும்மா இருக்க விடுகிறது? மூன்றரை மணிக்கு மழையோடு மழையாகப் படியேறிப் பூட்டைத் திறந்தாள்.

கரண்ட் இல்லை. பகலிலேயே அறை இருண்டு கிடந்தது. அங்கே எப்போதும் காய்ந்த ஏலக்காய் வாடை இருக்கும். இன்று வந்தது வேறு வாடை. அப்போதுதான் பறித்த பச்சைக் காயின் வாடை.

பவித்ராவின் விரல்களில் வரும் வாடை.

பதினாறு வயசுப் பிள்ளை. பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் காய் பறிக்கப் போகிறவள். ஐந்து வாரம் வந்தும் வாயே திறக்கவில்லை. ஆறாவது வாரம் வாசல்வரை போனவள் திரும்பி நின்று, "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

கீழே ஹாரன் அடித்தது.

"அடுத்த வாரம் சொல்லு தாயி, வெரசா ஓடு" என்று கலையரசியே தோளைத் தொட்டு அனுப்பிவைத்தாள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஒரு ஜீப்புக்காகப் பதறிவிட்டாள், பாவி.

அடுத்த சனிக்கிழமை தாய் ஜக்கம்மாள் மட்டும் வந்தாள். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட மகளை அடக்கம் பண்ணி மூன்று நாள் ஆகியிருந்தது.

"எம்புள்ள ஒங்ககிட்ட எதுவும் சொல்ல வந்தாளா தாயி?"

"இல்லம்மா" என்றாள் கலையரசி.

அந்தப் பொய்யைச் சொல்லி இன்றோடு ஒரு வாரம். பவித்ரா உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஈரம்.

அண்ணாந்து பார்த்தாள். கூரை எங்கும் ஒழுகவில்லை.

கீழே ஹாரன் அடித்தது.

ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் ஜீப்பும் இல்லை, ஆளும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு.

மறுபடியும் ஹாரன்.

திரும்பி வந்து அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பவித்ரா... நீ சொல்ல வந்தே. நான்தான் வெரட்டி விட்டேன். ஒங்க அம்மாகிட்டயும் பொய் சொல்லிட்டேன்." அழுகை முட்டியது. "ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். இப்பச் சொல்லு தாயி, கேக்குறேன்."

ஹாரன் நின்றது. மழையும் நின்றது போலிருந்தது. பச்சைக் காய் வாடை எழுந்து, அவளைத் தாண்டி வாசல்வரை போய் நின்றது.

வாசலிலிருந்து மெல்லக் கேட்டது.

"அடுத்த வாரம் சொல்றேங்க்கா."

அன்றைக்கே ஜக்கம்மாளுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டாள். மண்ணை அள்ளி ரோடும் திறந்துவிட்டார்கள். இப்போதெல்லாம் ஹாரன் அடித்தாலும் யார் பேச்சையும் கலையரசி பாதியில் நிறுத்துவதில்லை.

அந்த நாற்காலியில் மட்டும் யாரையும் உட்காரச் சொல்வதில்லை. சனிக்கிழமைதோறும் அது நனைந்திருக்கிறது.