பாப்-அப் போட்ட பழி

“ஐயய்யோ...!”

வக்கீல் ஆபீஸிலிருந்து அந்த அலறல் கிளம்பியபோது காலை மணி பத்தரை.

அலறியது, மகனின் ஜாமீன் மனுவுக்காக வந்திருந்த ஓர் அம்மாள். மனுவைப் படித்துக் காட்டுவதற்காக வக்கீல் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பியிருந்தார்.

மனு தெரிந்தது. மனுவின் மேல் ஒரு பெண்ணும் தெரிந்தாள்.

கடுமையான துணிப் பஞ்சத்தில் இருந்தாள்!

‘தனிமையா? நான் உங்கள் தெருவில்தான் இருக்கிறேன்!’

“பையனை வெளிய எடுக்கச் சொன்னா... இதுதான் நடக்குதா இங்க?”

ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு அம்மாள் போயே போய்விட்டாள்.

வக்கீல் அந்தப் பெண்ணை மூடினார். தங்கை வந்தாள். தங்கையை மூடினார். மொத்தக் குடும்பமும் வந்தது!

நாற்பது வருட க்ரிமினல் வக்கீல். குற்றவாளியை மோப்பம் பிடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் போதும். இன்று அரை நிமிடம்தான் ஆனது.

“மாப்பிள்ளை!”

அடுத்த அறையிலிருந்து ஜூனியர் ஓடி வந்தான். ஜூனியரும் அவனே, மாப்பிள்ளையும் அவனே. ஒரே ஆளுக்கு இரட்டை ஆயுள் தண்டனை.

“என்ன மாமா?”

“இந்தக் கம்ப்யூட்டரைத் தொடுறது யாரு?”

“நான்... அப்புறம் நீங்க...”

“நான் மூடத்தான் தொடுவேன். திறக்கிறது நீங்க! இந்தப் பொம்பளைங்க எத்தனை நாளாப் பழக்கம்?”

“மாமா, சத்தியமா...”

“சத்தியமெல்லாம் கூண்டுல! லேப்டாப்பை எடுங்க. எழுதுங்க... விவாகரத்து நோட்டீஸ்.”

“யாருக்கு மாமா?”

“உங்களுக்குத்தான்!”

பழக்க தோஷம்... மாப்பிள்ளையின் விரல்கள் தாமாக ஓடின. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான். எழுத்துப் பிழை இல்லாமல்!

வக்கீல் மகளுக்குப் போன் போட்டார்.

இருபது நிமிடத்தில் மகள் வந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் தனியாக வரவில்லை. கீழ்த்தளத்து ரிப்பேர் கடைக்காரியைக் கையோடு இழுத்து வந்திருந்தாள். அந்தக் கட்டடத்துக்கே அவள் ‘ஸ்க்ரூ அக்கா’.

“அழறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கலாம்ப்பா. அதானே உங்க தொழிலு?”

அதற்குள்... கம்ப்யூட்டர் சைரன் ஊதியது!

‘அபாயம்! ஏழு வைரஸ்! உடனே இந்த எண்ணை அழைக்கவும்!’

வக்கீல் பதறிப்போய் எண்ணை அழுத்த ஆரம்பித்தார். ஸ்க்ரூ அக்கா பாய்ந்து போனைப் பறித்தாள்.

“சார்! பூட்டு சரியா இருக்கான்னு திருடன்கிட்டயே போய்க் கேப்பீங்களா?”

“அப்போ வைரஸ்...?”

“அது சும்மா மிரட்டல். நெஜமா உள்ள இருக்கிறது விளம்பர ஒட்டுண்ணி. அசிங்கமான படம் பார்த்தாதான் இது வரும்னு இல்ல சார். ஏதாவது இலவச சாஃப்ட்வேரை இறக்கினாலே போதும். ஒருத்தனைக் குடிவெச்சா, ஒன்பது சொந்தக்காரனைக் கூட்டிட்டு வருவான்!”

மாப்பிள்ளைக்கு முதல் முறையாக மூச்சு வந்தது.

ஸ்க்ரூ அக்கா உட்கார்ந்தாள். பிரவுசரின் செட்டிங்ஸைத் திறந்தாள்.

“இதோ, நோட்டிபிகேஷன். பதினோரு சைட்டுக்கு ‘அனுமதி’ கொடுத்திருக்கு. எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டேன். எக்ஸ்டென்ஷன்ல பேர் தெரியாத ரெண்டு பேரு ஒட்டிக்கிட்டிருக்காங்க... வெளிய போங்கடா! தேடுற பக்கத்தையே மாத்தி வெச்சிருக்கானுங்க. அதையும் பழையபடி ஆக்கியாச்சு.”

“அவ்வளவுதானா?” என்றார் வக்கீல்.

“அது கிளைதான் சார். வேரு இங்க இருக்கு.”

கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராம்களைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தினாள். உச்சியில் மூன்று புதியவை. ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, ஆன்ட்டிவைரஸை முழு ஸ்கேனுக்கு விட்டாள்.

“மூணும் ஒரே நாள்ல நுழைஞ்சிருக்கு. போன செவ்வாய், காலை பதினொண்ணு இருபது. கல்யாணத்துலகூட ஒரு தடவைதான் சம்மதம் கேப்பாங்க... இங்க யாரோ படிக்காமலே கேட்டப்பல்லாம் ‘சம்மதம்’ அழுத்தியிருக்காங்க!”

“சாட்சி கிடைச்சாச்சு!” வக்கீல் மேஜையைத் தட்டினார். “என்ன சொல்றீங்க மாப்பிள்ளை?”

பதில் மகளிடமிருந்து வந்தது.

“அப்பா... செவ்வாய்க்கிழமை காலைல இவர் கோர்ட்ல இருந்தாரு. நீங்கதான் வாய்தா வாங்க அனுப்பினீங்க!”

ஸ்க்ரூ அக்கா நாற்காலியோடு திரும்பினாள்.

“அப்போ ஆபீஸ்ல இருந்தது...?”

மூன்று ஜோடிக் கண்களும் வக்கீல் மேல் திரும்பின.

“எதிர்க்கட்சி வேலைம்மா இது!” என்றார். குரலில் தெம்பு இல்லை.

ஸ்க்ரூ அக்கா டவுன்லோட் பட்டியலைத் திறந்தாள். அன்றைக்கு இறங்கியது ஒன்றே ஒன்று.

‘முப்பதே நாளில் டைப்பிங்! முற்றிலும் இலவசம்!’

வக்கீல் துண்டால் முகத்தைத் துடைத்தார். நாற்பது வருடத்தில் முதல் முறையாகக் குறுக்கு விசாரணை இல்லாமலே ஒரு குற்றவாளி ஒப்புக்கொண்டார்.

“நாலு வரி அடிக்கணும்னாலும் மாப்பிள்ளை முன்னாடி போய் நிக்க வேண்டியிருக்கும்மா... வெட்கமா இருந்துச்சு. யாருக்கும் தெரியாமக் கத்துக்கலாம்னு பார்த்தேன்.”

மாப்பிள்ளை சத்தமில்லாமல் நோட்டீஸை அழித்தான்.

“மாமா... நான் சொல்லித் தர்றேனே. தினம் அரை மணி நேரம்.”

வக்கீல் தயங்கித் தயங்கித் தலையை ஆட்டினார். மகள் இப்போதுதான் நிஜமாக அழுதாள்.

ஸ்க்ரூ அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“ஒத்துக்கோங்க சார். இவரும் இலவசம்தான்... ஆனா பாடத்துக்கு நடுவுல பொம்பளை படம் காட்ட மாட்டாரு!”